மூன்றாம் நாள்: ஏற்றுவதா, அடக்குவதா, காவல் இருப்பதா?

மாமாவுக்குப் பக்கவாதத்தில் (ஸ்ட்ரோக்) கை கால் விழுந்த மூன்றாம் நாள் சாயங்காலம், ஆஸ்பத்திரி வராண்டாவில் எங்கள் குடும்பம் மூன்று கட்சியாக நின்றது. அத்தை குடியாத்தத்திலிருந்து ஃபிளாஸ்க்கில் கஷாயம் கொண்டுவந்திருந்தார். வேலூர் லாங்கு பஜாரில் ஆள் விட்டு வாங்கிய மூலிகை, விடியற்காலையில் எழுந்து காய்ச்சியது. "உடம்புல எதிர்ப்பு சக்தியே இல்லம்மா அவருக்கு. மூஞ்சப் பாத்தா தெரியல? ரெண்டு பாலாடை ஊத்தினா போதும்" என்றார். பெங்களூரிலிருந்து ஓடிவந்த மாமாவின் மருமகன் நேர் எதிராகப் பேசினார். "அக்கா, மூளைல வீக்கம்னு சொல்றாங்க. ஸ்ட்ரோக் வந்தப்புறம் நம்ம எதிர்ப்பு சக்தியே மூளையைக் கெடுக்குதாம். அதை அடக்கணும். ஸ்டீராய்டு போடச் சொல்லிக் கேளுங்க." நடுவில் வார்டு நர்ஸ் வந்து, "வாய்க்கு ஒண்ணும் குடுக்காதீங்க. உடம்பு சுட்டா உடனே சொல்லுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

காட்பாடியில் ஒரு பள்ளியில் பதினைந்து வருடமாக உயிரியல் நடத்துகிறேன். அதனால் "நீ சொல்லு" என்று எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். அன்றிரவும் அதற்குப் பிறகு வந்த வாரங்களிலும் படித்தது, டாக்டர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டது எல்லாவற்றையும் சேர்த்து இதை எழுதுகிறேன். இதே வராண்டாவில் நாளைக்கு வேறு யாராவது நிற்பார்கள். அவர்களுக்காகத்தான்.

முதலில் ஒன்று. அத்தை சொன்னதும் தப்பில்லை, மருமகன் சொன்னதும் தப்பில்லை. பக்கவாதம் வந்த ஒருவரின் உடம்பில் அந்த மூன்றாம் நாளில் இரண்டுமே ஒரே நேரத்தில் நடக்கின்றன. மூளைக்குள் எதிர்ப்பு சக்தி கொதித்துக்கொண்டிருக்கிறது. கழுத்துக்குக் கீழே அதே எதிர்ப்பு சக்தி வற்றிப்போய்க் கிடக்கிறது. இது புரியாமல் எந்த மருந்தைப் பற்றிப் பேசினாலும் பாதிதான் பேசுகிறோம்.

மூளையில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். ரத்தக்கட்டி ஒரு பெரிய குழாயை அடைத்துக்கொண்டால், சிகிச்சை இல்லாத ஒவ்வொரு நிமிடமும் சராசரியாக 19 லட்சம் நரம்பு செல்கள் சாகின்றன. சாகிற செல் சும்மா சாவதில்லை. வெடித்து, உள்ளே இருந்ததையெல்லாம் வெளியே கொட்டுகிறது. செல்லுக்குள் இருக்க வேண்டிய ஏ.டி.பி. என்ற ஆற்றல் மூலக்கூறும் சில புரதங்களும் வெளியே கிடப்பதே உடம்புக்கு ஓர் அபாயச் சங்கு. மூளையிலேயே குடியிருக்கும் மைக்ரோக்ளியா என்ற காவல் செல்கள் சில நிமிடங்களில் விழித்து, அழற்சியைக் கிளப்பும் இன்டர்லூக்கின், டி.என்.எஃப். போன்றவற்றைச் சுரக்கின்றன.

வேலூர்க் கோட்டையைச் சுற்றி அகழி இருக்கிறதல்லவா, மூளைக்கும் ரத்தத்துக்கும் நடுவே அப்படி ஒரு தடுப்பு உண்டு. ரத்தத்தில் ஓடுகிற வெள்ளையணுக்கள் லேசில் உள்ளே வர முடியாது. ஸ்ட்ரோக்கில் அந்தத் தடுப்பு கசிய ஆரம்பிக்கிறது. சில மணி நேரத்தில் நியூட்ரோஃபில்கள் என்ற வகை வெள்ளையணுக்கள் வந்து குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொள்கின்றன. முதல் மூன்று நாளில் அவற்றின் கூட்டம் உச்சத்தில் இருக்கும். அவை விடுகிற நொதிகள் தடுப்பை இன்னும் அரிக்கின்றன. நீர் கசிகிறது, வீக்கம் ஏறுகிறது. செத்துப்போன நடுப்பகுதியைச் சுற்றி, பிழைத்தும் பிழைக்காமலும் ஊசலாடுகிற ஓரத்து செல்கள் இருக்கும். அவற்றில் ஒரு பங்கு இந்தக் கலவரத்தில்தான் போகிறது. மருமகன் படித்தது இதைத்தான்.

ஆனால் அதோடு கதை முடியவில்லை. மூன்றாம் நாளிலிருந்து ஒரு வாரம் வரைக்கும் மோனோசைட்டுகளும் மேக்ரோஃபேஜ்களும் நிறைய வருகின்றன. செத்த செல்களின் குப்பையை வாரி விழுங்குவது அவை. அதே மைக்ரோக்ளியா இப்போது வேறு முகம் காட்டுகிறது. அழற்சியைத் தணிக்கிற பொருள்களையும், நரம்பு மறுபடி கிளைவிடத் துணைசெய்கிற வளர்ச்சிக் காரணிகளையும் சுரக்கிறது. ஒழுங்குபடுத்தும் டி செல்கள் வந்து கலவரத்தை அடக்குகின்றன. முதல் நாள் எரித்த கைதான் பத்தாம் நாள் கட்டுகிற கையும்.

இனி கழுத்துக்குக் கீழே. மூளை அடிபட்டதும் மன அழுத்த நரம்புகளும் அட்ரீனல் சுரப்பியும் முழு வேகத்தில் ஓடுகின்றன. கார்ட்டிசோல், அட்ரினலின் எல்லாம் ஏறுகின்றன. அதன் விளைவாக ரத்தத்தில் லிம்ஃபோசைட் என்ற வகை வெள்ளையணுக்களின் எண்ணிக்கை சரிகிறது. விலங்குச் சோதனைகளில் மண்ணீரலே சுருங்கிவிடுகிறது. 2003இல் பெர்லின் ஆய்வாளர்கள் எலிகளில் செய்த சோதனை ஒன்று உண்டு. ஸ்ட்ரோக் வந்த எலிகளுக்கு நிமோனியா தானாக வந்தது. ப்ரொப்ரனலால் என்ற மருந்தைக் கொடுத்து அந்த அழுத்த நரம்புகளின் வேலையைத் தடுத்தபோது தொற்று குறைந்தது. மனிதர்களில் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, ஸ்ட்ரோக் வந்தவர்களில் சுமார் 30 சதவீதம் பேருக்குத் தொற்று வருகிறது. சுமார் 10 சதவீதம் பேருக்கு அது நிமோனியா. அத்தை மாமாவின் முகத்தைப் பார்த்துச் சொன்னது இதைத்தான், வேறு வார்த்தையில்.

சரி, மூன்று வழியையும் எடுத்து வைத்துப் பார்ப்போம்.

அடக்குவதிலிருந்து ஆரம்பிக்கிறேன். கேட்க அறிவுபூர்வமாக இருப்பது இதுதான், அதிகம் ஏமாற்றியதும் இதுதான். நியூட்ரோஃபில்கள் குழாய்ச் சுவரில் ஒட்டாமல் தடுத்தால் மூளை பிழைக்கும் என்று எலிகளில் திரும்பத் திரும்பத் தெரிந்தது. அதை வைத்து என்லிமோமாப் என்ற மருந்தை 625 நோயாளிகளிடம் சோதித்து, 2001இல் முடிவை வெளியிட்டார்கள். மருந்து வாங்கிய குழுவில் இறந்தவர்கள் 22.2 சதவீதம், வாங்காத குழுவில் 16.2. காய்ச்சலும் தொற்றும்கூட மருந்துக் குழுவில்தான் அதிகம். அது எலியின் புரதத்திலிருந்து செய்த எதிரணு (ஆன்டிபாடி). மனித உடம்பு அதை அந்நியனாகப் பார்த்திருக்கும் என்பது பின்னால் சொல்லப்பட்ட விளக்கங்களில் ஒன்று. அடக்கப் போன மருந்தே கிளப்பிவிட்டது. அப்புறம் நியூட்ரோஃபிலைத் தடுக்கும் வேறொரு மருந்தை 966 பேரிடம் சோதித்தார்கள். கெடுதல் இல்லை, பலனும் இல்லை. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோய்க்குப் பயன்படும் நட்டாலிசுமாபை இரண்டு முறை சோதித்தார்கள். அதிலும் ஒன்றும் கிடைக்கவில்லை.

எலிக்குக் கேட்டது மனிதனுக்கு ஏன் கேட்கவில்லை? ஆய்வுக்கூடத்து எலி இளசு. அதற்குச் சர்க்கரை கிடையாது, பி.பி. கிடையாது. எத்தனை மணிக்குக் குழாய் அடைத்தது என்று நிமிடக் கணக்கில் தெரியும், உடனே மருந்து ஏறும். மாமாவுக்கு வயது 61. பன்னிரண்டு வருடமாக பி.பி., அதற்கான மாத்திரையை நான்கு மாதமாக நிறுத்திவைத்திருந்தார். காலை 6 மணிக்குத் தறியில் உட்கார்ந்து லுங்கி நெய்துகொண்டிருக்கும்போது கையிலிருந்து நாடா நழுவியது. புறா ரத்தம் தேய்த்தால் சரியாகிவிடும் என்று பக்கத்து வீட்டில் ஒருவர் சொல்ல, அதற்குப் புறா தேடியே இரண்டு மணி நேரம் போனது. பிறகு ஒரு இடத்தில் ட்ரிப் ஏற்றிக்கொண்டு படுத்திருந்தார். வேலூர் வந்து சி.டி. ஸ்கேன் எடுத்தபோது மணி பன்னிரண்டரை. எலிக்கும் அவருக்கும் நடுவில் இவ்வளவு தூரம்.

ஸ்டீராய்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் பக்கத்தில் எல்லோரும் கேட்பது அதைத்தான். மருமகனுக்கு அந்த எண்ணம் வர ஒரு காரணம் இருந்தது. அவருடைய அலுவலக நண்பரின் அம்மாவுக்கு மூளையில் கட்டி. டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு போட்ட இரண்டாம் நாளே எழுந்து பேசினாராம். அது உண்மைதான். கட்டியைச் சுற்றி வருகிற வீக்கம், குழாய் கசிந்து நீர் வெளியே தேங்குவது; ஸ்டீராய்டு அந்தக் கசிவை அடைக்கும். ஸ்ட்ரோக்கில் முதலில் வருகிற வீக்கம் அந்த ஜாதி இல்லை. ஆக்ஸிஜன் இல்லாத செல்லுக்குள்ளேயே நீர் புகுந்து ஊதுவது. அதில் ஸ்டீராய்டுக்கு வேலை இல்லை. ஆனால் அதன் கெடுதல் மட்டும் அப்படியே வரும். சர்க்கரை ஏறும், வயிற்றில் ரத்தம் கசியலாம், ஏற்கெனவே வற்றிக்கிடக்கிற எதிர்ப்பு சக்தி இன்னும் வற்றும். அதனால்தான் மூளை வீக்கத்துக்காக ஸ்டீராய்டு வேண்டாம் என்று சிகிச்சை நெறிமுறைகள் சொல்கின்றன. வீக்கம் உயிருக்கே ஆபத்தாக வந்தால் மண்டையோட்டின் ஒரு பகுதியை எடுத்து மூளைக்கு இடம் விடுகிற அறுவை சிகிச்சை உண்டு. அந்த நிலை மாமாவுக்கு வரவில்லை.

ஒரு விதிவிலக்கையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். பெரிய குழாயில் இருந்த கட்டியைக் கம்பி விட்டு எடுத்தவர்களிடம், மூன்று நாள் மட்டும் குறைந்த அளவு மெத்தில்பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு கொடுத்து சீனாவில் ஓர் ஆய்வு நடந்தது. 1,680 பேர், 2024இல் வெளிவந்தது. ஊனத்தின் அளவில் தெளிவான வித்தியாசம் இல்லை. ஆனால் இறப்பு 28.5 சதவீதத்திலிருந்து 23.2 ஆகக் குறைந்திருந்தது. கதவு முழுக்க மூடவில்லை என்றுதான் இதைப் படிக்கிறேன். ஆனால் அது முதல் நாளிலேயே கட்டி எடுக்கப்பட்டவர்களுக்கான கதவு. மூன்றாம் நாள் வார்டில் கிடக்கிறவருக்கு அதைக் காட்டிக் கேட்பது பொருந்தாது.

கோல்ச்சிசின் பற்றியும் மருமகன் கேட்டார். இதய நோய்க்கு அழற்சி குறைக்கிற மருந்தாக இப்போது கொடுக்கிறார்களே என்று. இந்த மருந்துக்கும் நமக்கும் ஓர் உறவு உண்டு. நம் மாநில மலரான செங்காந்தளில் இருப்பது கோல்ச்சிசின்தான். அதன் விதைக்காகவே தமிழ்நாட்டில் அந்தச் செடியைக் கண்வலிக் கிழங்கு என்ற பெயரில் சாகுபடி செய்கிறார்கள். ஸ்ட்ரோக் வந்தவர்களுக்கு மறுபடி வராமல் இது தடுக்குமா என்று 2024இல் இரண்டு பெரிய ஆய்வுகள் வந்தன. ஐரோப்பாவை மையமாகக் கொண்ட ஒன்றில் 3,154 பேர், சீனாவில் 8,343 பேர். இரண்டிலும் எதிர்பார்த்த பலன் நிரூபணமாகவில்லை. இதை எழுதும்போது ஒரு பயம் வருகிறது, அதனால் அழுத்திச் சொல்கிறேன்: கண்வலிக் கிழங்கு கொடிய விஷம். நாட்டு மருந்து என்று நினைத்து யாரும் அதைத் தொடவே கூடாது.

அடுத்தது ஏற்றுவது. அத்தையின் வழி.

இதை அறியாமை என்று தள்ள எனக்கு மனமில்லை. நிலவேம்புக் குடிநீர் டெங்கு காலத்திலும், கபசுரக் குடிநீர் கொரோனா காலத்திலும் நம் ஊர்த் தெருமுனைகளில் அரசாங்கமே கொடுத்தது. முன்னதில் ஒன்பது சரக்கு, பின்னதில் பதினைந்து. அந்தப் பழக்கத்தில்தான் அத்தை ஃபிளாஸ்க்கோடு வந்தார். ஆனால் அவை காய்ச்சலுக்கென்று வகுக்கப்பட்டவை. ஸ்ட்ரோக் வந்தவருக்குச் சிக்கல் வேறு. எதிர்ப்பு சக்தியை ஏற்றுவதென்றால் எங்கே ஏற்றுவது? நுரையீரலுக்கு ஏற வேண்டும், மூளையில் ஏறக்கூடாது. அப்படி இடம் பார்த்து ஏற்றுகிற பொருள் கஷாயத்திலும் கிடையாது, மருந்துக்கடை மாத்திரையிலும் கிடையாது.

இன்னொன்று எனக்குப் புதிதாக இருந்தது. உடம்பு தன் எதிர்ப்பு சக்தியைத் தாழ்த்திக்கொள்வதில் ஒரு தற்காப்பும் இருக்கலாம் என்கிறார்கள். தடுப்பு கசிந்த நேரத்தில், மூளைக்குள் மட்டுமே இருக்க வேண்டிய புரதங்கள் ரத்தத்துக்கு வந்துவிடுகின்றன. எதிர்ப்பு மண்டலம் அவற்றைக் கண்டு, எதிரி என்று மனப்பாடம் செய்துகொள்ளும் அபாயம் உண்டு. சியாட்டிலில் கைரா பெக்கர் என்ற நரம்பியல் மருத்துவரின் குழு எலிகளில் இதைக் காட்டியது. ஸ்ட்ரோக் நேரத்தில் கிருமியின் நச்சைக் கொடுத்து எதிர்ப்பு சக்தியைத் தூண்டிவிட்டபோது, மூளைப் புரதத்துக்கு எதிரான தாக்குதல் அதிகமானது, எலிகள் மோசமாகத் தேறின. அந்தச் சமயத்தில் எதிர்ப்பு சக்தியைத் தட்டி எழுப்புவது நல்லதென்று யாரும் கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாது.

ஆனால் உண்மையில் கஷாயத்தின் பெரிய ஆபத்து அதில் உள்ள மூலிகை இல்லை. அது தண்ணீராக இருப்பதுதான்.

இதை நான் கண்ணால் பார்த்தேன். இரண்டாம் நாள், யாரும் இல்லாத நேரத்தில், அத்தை பாசத்தில் ஒரு பாலாடை வெந்நீர் ஊற்றிவிட்டார். நான் உள்ளே வரும்போது மாமாவின் உதட்டோரம் வழிந்துகொண்டிருந்தது. புரை ஏறவில்லை, ஒரு இருமல்கூட இல்லை. "பாரு, நல்லா குடிச்சிட்டார்" என்றார் அத்தை. ஆனால் மாமா ஏதோ சொல்ல வாயைத் திறந்தபோது குரல் மாறியிருந்தது. தொண்டைக்குள் தண்ணீர் உருளுகிற மாதிரி களகளவென்று ஒரு சத்தம். நர்ஸ் அதைக் கேட்டதும் முகம் மாறி, அவரை நிமிர்த்தி உட்காரவைத்து, சக்ஷன் குழாய் வைத்தார். பக்கவாதத்தில் பலருக்கு விழுங்கும் தசையும் விழுந்திருக்கும். சிலருக்குத் தொண்டையின் உணர்ச்சியும் போயிருக்கும். நமக்கு என்றால் புரை ஏறி, கண்ணில் நீர் வந்து, உச்சந்தலையில் தட்டுவார்கள். அவர்களுக்குச் சத்தமே இல்லாமல் நுரையீரலுக்கு இறங்கிவிடும். வாயில் இருக்கிற கிருமியும் கூடவே இறங்கும். அங்கே தடுக்க வேண்டிய லிம்ஃபோசைட்டுகள்தான் வற்றிக்கிடக்கின்றனவே. நிமோனியாவுக்கு இதைவிட வசதி வேண்டாம்.

வெறும் தண்ணீர், ரசம், கஷாயம், காபி போன்ற நீர்த்தவைதான் பெரும்பாலும் முதலில் வழி தவறும். கூழ் பதத்தில் இருப்பது மெதுவாக இறங்குவதால் பலருக்குக் கட்டுப்படும். ஆனால் எது யாருக்குச் சரி என்பதைச் சோதித்துத்தான் சொல்ல முடியும்.

இதற்கும் அடுத்ததற்கும் நடுவில் ஒரு வழி உண்டு. நோய் வருமுன்னே ஆன்டிபயாட்டிக் போட்டுவிடலாமே என்று நான் கேட்டேன். எதிர்ப்பு சக்தி வற்றியிருக்கிறது, நாமே ஆள் போட்டுக் காவல் காப்போம் என்ற கணக்கு. 2015இல் இரண்டு ஆய்வுகள் இதைத் தீர்த்துவைத்தன. நெதர்லாந்தில் 2,500க்கு மேற்பட்டவர்களுக்கு செஃப்ட்ரையாக்ஸோன் போட்டுப் பார்த்தார்கள். சிறுநீர்த் தொற்று குறைந்தது, ஆனால் மூன்று மாதம் கழித்து நோயாளிகள் இருந்த நிலையில் வித்தியாசம் இல்லை. பிரிட்டனில் விழுங்க முடியாத 1,217 பேரிடம் பார்த்தார்கள், நிமோனியாகூடக் குறையவில்லை. வந்தபின் தாமதிக்காமல் போடுவது வேறு. வருமுன் போட்டுவைப்பதில் காசும் கிருமியின் பிடிவாதமும்தான் கூடும்.

மிஞ்சியது காவல். நர்ஸ் சொன்ன வழி.

பேரைக் கேட்டால் மருந்தே இல்லாதது போல இருக்கும். அதனாலேயே குடும்பங்கள் இதை ஒரு வைத்தியமாக எடுத்துக்கொள்வதில்லை. "சும்மா பாத்துக்கிட்டுத்தான் இருக்காங்க" என்று வராண்டாவில் எத்தனை பேர் குறைப்பட்டுக் கேட்டேன். ஆனால் இந்த மூன்றில் கணக்கு வலுவாக நிற்பது இதற்குத்தான். ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 19 ஸ்ட்ரோக் வார்டுகளில் ஓர் ஆய்வு நடந்தது. நடத்தியவர் சாண்டி மிடில்டன் என்ற செவிலியர் பேராசிரியர், 2011இல் வெளிவந்தது. ஏறக்குறைய பாதி வார்டுகளில் நர்ஸ்களுக்கு மூன்று காரியம் கறாராகக் கற்றுக்கொடுத்தார்கள். முதல் மூன்று நாள் காய்ச்சலை விடாமல் பார்ப்பது, 37.5 டிகிரி செல்சியஸ் தொட்டாலே மருந்து கொடுப்பது. சர்க்கரையைப் பார்த்து, ஏறினால் இறக்குவது. விழுங்கும் சோதனை செய்யாமல் வாய்க்கு எதுவும் கொடுக்காமலிருப்பது. 90 நாள் கழித்துப் பார்த்தபோது, வழக்கம்போல நடந்த வார்டுகளில் இறந்தவர்களும் அடுத்தவர் கையை எதிர்பார்க்க வேண்டியவர்களும் 58 சதவீதம். இந்த வார்டுகளில் 42.

பெரிய பெரிய எதிரணு மருந்துகள் செய்யாததை ஒரு தெர்மாமீட்டரும், ஒரு க்ளூக்கோமீட்டரும், விழுங்கும் சோதனைக்கான ஒரு கரண்டித் தண்ணீரும் செய்தன. இது எனக்கு முதலில் ஆச்சரியமாக இருந்தது, யோசித்தபின் இல்லை. சூடு ஏறினால் ஊசலாடுகிற ஓரத்து செல்களுக்கு ஆக்ஸிஜன் தேவை கூடுகிறது, அழற்சியும் தூண்டப்படுகிறது. சர்க்கரை ஏறினாலும் அப்படியே, அகழி இன்னும் கசிகிறது. நிமோனியா வந்தால் நுரையீரலில் எழுகிற அழற்சி ரத்தத்தில் ஓடி மூளைக்கும் போகிறது. ஆகக் காவல் என்பது சும்மா இருப்பது இல்லை. எதிர்ப்பு மண்டலத்தின் மீது கை வைக்காமல், அதைக் கிளப்புகிற காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்துவிடுவது. அடக்குவதும் அதில் இருக்கிறது, காப்பதும் இருக்கிறது.

இதற்கு விலை உண்டு, அது ஆள். மருந்துக்கு ஒரு பில் கட்டினால் முடிந்தது. காவலுக்கு இரவு பகல் கண் வேண்டும். அரசு ஆஸ்பத்திரியோ தனியாரோ, ஒரு நர்ஸுக்கு எத்தனை கட்டில் என்று பார்த்தால் புரியும். அதனால் குடும்பம் முறை போட்டுக்கொள்வதுதான் வழி. நாங்கள் எட்டு மணி நேரத்துக்கு ஒருவர் என்று பிரித்துக்கொண்டோம். ஒரு பள்ளி நோட்டில் கோடு போட்டு, நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை சூடு, நர்ஸ் சொன்ன சர்க்கரை, பக்கம் திருப்பிப் படுக்கவைத்த நேரம் எல்லாம் எழுதினோம். ஈரத்துணியால் வாயைத் துடைத்து, பல்லும் நாக்கும் சுத்தம் செய்யும் வேலையை அத்தைக்குக் கொடுத்தேன். கஷாயம் ஊற்ற முடியாத கைக்கு ஒரு வேலை வேண்டியிருந்தது. அதை அவரைப் போல யாரும் செய்திருக்க முடியாது.

மூன்றாம் நாள் இரவு ஒன்பது மணிக்கு நோட்டில் 37.9 என்று எழுதினேன். அப்போதே சொன்னோம். எக்ஸ்ரேயில் வலது பக்கம் கீழே லேசான நிழல். இப்போது ஆன்டிபயாட்டிக் ஆரம்பித்தார்கள். மூக்கு வழியாக ரைல்ஸ் டியூப் போட்டு அதில்தான் சாப்பாடு என்று முடிவானது. டியூபைப் பார்த்து அத்தை அழுதார். "பட்டினி போடல அத்த, வழிய மாத்துறோம், அவ்ளோதான்" என்று சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஆறாம் நாள் சூடு இறங்கியது.

யாருக்கு எது என்று கேட்டால், நான் இப்படிச் சொல்வேன். கை நழுவி, வாய் கோணி, பேச்சு குழறி இன்னும் நாலரை மணி நேரம் ஆகவில்லையென்றால், இந்தக் கட்டுரையை மூடிவிட்டு 108ஐக் கூப்பிடுங்கள். கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு அதுதான் கெடு. பெரிய குழாய் அடைப்பாக இருந்தால், தேர்ந்தெடுத்த சிலருக்கு 24 மணி நேரம் வரைகூடக் கட்டியை எடுக்க முடிகிறது. குழாயைத் திறப்பதற்கு ஈடாக அழற்சியைத் தடுக்கிற மருந்து எதுவும் கிடையாது; செல் சாகாவிட்டால் கலவரத்துக்கே காரணமில்லை. ரத்தக்கசிவால் வந்த பக்கவாதமா அடைப்பால் வந்ததா என்பது ஸ்கேன் பார்த்துத்தான் தெரியும், அதனால் வீட்டில் ஆஸ்பிரின் கொடுக்க வேண்டாம். குழாயைத் திறக்கும் நேரமெல்லாம் தாண்டிவிட்டால், ஆஸ்பத்திரியில் முதல் வாரம் முழுக்கக் காவலைத் தேர்ந்தெடுங்கள். அடக்குகிற மருந்தை நீங்களாகக் கேட்டு வாங்காதீர்கள். ஆய்வில் சேரச் சொல்லி டாக்டர்கள் கேட்டால் அது வேறு, விவரம் கேட்டு முடிவு செய்யுங்கள். எதிர்ப்பு சக்தியை ஏற்ற ஆசைப்படுகிறவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது, ஆனால் அதற்கு நேரம் வேறு. உடம்பு தேறி வீட்டுக்கு வந்தபின் டாக்டரைக் கேட்டு ஃப்ளூ தடுப்பூசியும் நிமோனியா தடுப்பூசியும் போட்டுக்கொள்வது. மூச்சுப்பாதைத் தொற்று வந்த முதல் மூன்று நாளில் ஸ்ட்ரோக் வரும் வாய்ப்பு மூன்று மடங்குக்கு மேல் ஏறுவதாக 2004இல் வந்த பிரிட்டன் ஆய்வு காட்டியது. எதை எதிர்க்க வேண்டும் என்று குறிப்பாகச் சொல்லிக்கொடுத்து ஏற்றுகிற சக்தி அதுதான்.

பிறகு வருகிற மாதங்கள் பயிற்சிக்கானவை. இந்த விஷயத்தில் வட ஆற்காட்டுக்காரர்களுக்கு ஒரு கொடுப்பினை உண்டு. விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்து, சக்கர நாற்காலியில் இருந்தபடியே அறுவை சிகிச்சை செய்த டாக்டர் மேரி வர்கீஸின் முயற்சியில், வேலூர் பாகாயத்தில் 1966இலேயே சி.எம்.சி.யின் மறுவாழ்வு மையம் திறக்கப்பட்டது. கிராமத்தில் இருப்பவர்களுக்கு 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பி.பி., சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே வருகிறது. பிசியோதெரபியும் வீட்டில் செய்கிறார்கள். மாமாவின் பி.பி. மாத்திரை இப்போது அப்படித்தான் வருகிறது.

பதினோராம் நாள் காலை விழுங்கும் சோதனை செய்தார்கள். மாமாவை நேராக உட்காரவைத்து, ஒரு சின்னக் கரண்டி தண்ணீர். குரல் கேட்டார்கள். இன்னொரு கரண்டி. தண்ணீர் இன்னும் வேண்டாம், கூழ் பதத்தில் ஆரம்பிக்கலாம் என்றார்கள். அத்தை மறுநாள் அதே ஃபிளாஸ்க்கில் கேழ்வரகுக் கூழ் கொண்டுவந்தார். கட்டியில்லாமல் கரைத்து, வடிகட்டி, உப்பு மட்டும் போட்டது. அரைக் கரண்டி எடுத்து, நல்ல பக்கமான இடது கன்னத்தில் வைத்தார். பின்பு கரண்டியைக் கீழே வைத்துவிட்டு மாமாவின் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். குமிழ் மெதுவாக ஏறி இறங்கியது.

"எங்க, ஆ சொல்லுங்க" என்றார் அத்தை.

மாமா சொன்னார். குரலில் தண்ணீர் இல்லை. அத்தை அடுத்த அரைக் கரண்டியை எடுத்தார்.